மகளுக்குக் கட்டிய மாடி அறை அடுப்பாகலாமா?

பிள்ளைகள் வளர்கின்றனர், குடும்பம் பெருகுகின்றது, ஆனால் மனை பெருகுவதில்லை. ஆகவே வீடு மேல்நோக்கி எழும்புகின்றது. மொட்டை மாடியில் முதலில் ஓர் அறை, பிறகு ஒரு சமையற்கட்டு, அதன்பின் முழுமையான ஒரு குடித்தனம் என்று மாடி வளர்வதை நம் ஊர்த் தெருக்கள் அனைத்திலும் காண்கின்றோம்.

நம் சமுதாயத்தில் இதற்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தாய் வீட்டிலேயே வாழ்வதும், அவளுக்கென வீடோ வீட்டின் ஒரு பகுதியோ ஒதுக்கித் தருவதும் தலைமுறைகளாக வந்த வழக்கம். மூன்று பெண்மக்கள் இருப்பின், மூத்தவளுக்குக் கீழ்த்தளமும் இளையவர்களுக்கு மாடியும் என்று பங்கீடு அமைவது இயல்பே. வளைகுடா நாட்டில் உழைக்கும் தகப்பனோ தமையனோ அனுப்பும் பணத்தில் அந்த மாடி எழும்புகின்றது.

அன்புக்குரிய வாசகர்களே! அந்த மாடிக்குச் செலவிடும் பணம் எங்கெங்கே போகின்றது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். தரைக்குப் பளிங்கு, வாசலுக்குத் தேக்கு, குளியலறைக்குச் சுவர் உயரம் முழுவதும் ஓடு, முகப்புக்கு அலங்கார வேலை. கூரைக்கு? வெறும் ஐந்து அங்குலக் கான்கிரீட், பெரும்பாலும் அவ்வளவே. சித்திரை மாதம் பிறந்ததும் அந்த அழகிய அறை அடுப்பாகிவிடுகின்றது. பணம் அனுப்பியவர் அப்போது அங்கே இருப்பதில்லை. பிரசவம் முடிந்து படுத்திருக்கும் பெண்ணும், அவள் அருகே கிடக்கும் பச்சிளங்குழந்தையும், மாடிப்படி இறங்க இயலாத பாட்டியுமே அந்தக் கூரையின் கீழ்ப் பகல் முழுவதும் இருக்கின்றனர்.

இதைத் தடுக்க முடியும், பெருஞ்செலவின்றியே முடியும். ஆனால் வெப்பத்தை எங்கே நிறுத்துவது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். கூரைக்குள் நுழைந்துவிட்ட வெப்பத்தை அறைக்குள் இருந்து விரட்டப் போராடுவதைக் காட்டிலும், கூரையின் மேற்புறத்திலேயே அதை மறிப்பது எளிது, மலிவு, நிலையானது.

முன்னோர் மச்சு கட்டியது எதற்காக?

பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டுக்கும் அறைக்கும் இடையே மரப்பலகை பாவிய மச்சு இருந்தது. பண்ட பாத்திரங்கள் வைக்கவே அது பயன்பட்டது. நண்பகலில் அங்கே ஏறியவர் ஒரு நாழிகை கூட நிற்க மாட்டார். ஓட்டின் சூடு முழுவதையும் அந்த இடைவெளி தாங்கிக்கொண்டது. கீழே உறங்கியவர் நிம்மதியாக உறங்கினர். ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறியதும் ஒரு காரணம்.

மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கிய பழைய மாடித் தளமும் அவ்வாறே சிந்தித்துக் கட்டப்பட்டது. மர உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். இறுதியாக மேலே தட்டோடு பதிப்பார்கள். அந்தத் தளம் கனமானது. சூடேற நெடுநேரம் பிடிக்கும்.

இன்று மச்சு இல்லை. கனமான தளமும் இல்லை. வெயில் தாங்கும் இடத்திற்கும் மனிதர் உறங்கும் இடத்திற்கும் இடையே இருந்த தடுப்பை எடுத்துவிட்டோம். அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை.

குளிர் நாடாகிய பிரிட்டனில் கூரைக்கு அடியிலுள்ள பரண் போன்ற இடத்தைப் படுக்கையறையாக மாற்றும் வழக்கம் மிகுதி. அங்கே குளிர்காலத்தில் அறையின் வெப்பம் கூரை வழியே வெளியேறிவிடும் என்பது கவலை. ஆகவே கட்டட விதிகளின்படி ஒப்புதல் பெற வேண்டும். அவ்விதிகள் கூரைச் சரிவில் வெப்பத் தடுப்பு அமைப்பதைக் கட்டாயமாக்குகின்றன. அறையாக மாற்றாத பரண்களின் தரையில் கூட 270 மில்லி மீட்டர் கனத்திற்குக் கனிமப் பஞ்சு விரிக்கும்படி அங்கே பரிந்துரைக்கின்றனர். அங்கே வெப்பம் வெளியே போகாமல் தடுக்கின்றனர். இங்கே உள்ளே வராமல் தடுக்க வேண்டும். திசை வேறு; தடுப்பின் தத்துவம் ஒன்றே.

இரவிலும் ஏன் தணிவதில்லை?

“சூரியன் மறைந்து வெகுநேரம் ஆயிற்று, வெளியே காற்றும் வீசுகின்றது, ஆயினும் அறை ஏன் கொதிக்கின்றது?” என்று பலர் வியப்பதுண்டு.

கோடை வெயிலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸ் அளவை எட்டக்கூடும். அந்தச் சூடு உடனே அறைக்குள் வருவதில்லை. கான்கிரீட் அதை விழுங்கிச் சேமித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துக் கீழ்ப்புறத்தில் உமிழத் தொடங்குகின்றது. பிற்பகல் இரண்டு மணி வெயிலின் விளைவை மாலையிலும் முன்னிரவிலும் அனுபவிக்கின்றோம். மின்விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை. வியர்வையை உலர்த்தியே நமக்குக் குளிர்ச்சி தருகின்றது. ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. மேலும், கூரையின் அடியில் தேங்கிய சூடான காற்றையே விசிறி நம்மீது தள்ளுகின்றது.

ரமழான் மாதம் கோடையில் அமையும் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஏறத்தாழ முழுவதும் அவ்வாறு அமைந்தது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவாதலால், அத்தகைய கோடை நோன்பு சுழன்று மீண்டும் வரும். தராவீஹ் தொழுது திரும்பியபின் ஸஹருக்கு எழும்வரை கிடைப்பது சில மணி நேர உறக்கமே. தளம் தன் சூட்டை உமிழ்கின்ற நேரமும் அதுவே. உறக்கமின்றி எழுந்து, மறுநாள் நோன்புடன் அதே மாடிச் சமையற்கட்டில் நிற்கும் தாய்மார்களின் களைப்பை எவர் கணக்கிடுகின்றனர்?

இது வெறும் சுகத்தைப் பற்றிய செய்தி அன்று. முதியோரின் உடல் வியர்த்துத் தணியும் ஆற்றல் குறைந்தது. கைக்குழந்தையால் தன் உடல் வெப்பத்தை நன்கு சீராக்க இயலாது. 2010ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத் நகரைத் தாக்கிய வெப்ப அலையின்போது, வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் 1,300க்கும் அதிகமானோர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன்பின் 2013ஆம் ஆண்டு அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனிச் செயல்திட்டம் வகுத்தது. கூரைகளுக்கு வெண்மை பூசுவதும் பின்னர் அதில் இடம்பெற்றது. தமிழக அரசும் 2024ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மழையையும் புயலையும் போல வெயிலையும் பேரிடராக எண்ணி வீடு கட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு சிறு கணக்கு

கூரை வழியே எவ்வளவு வெப்பம் கடக்கின்றது என்பதைப் பொறியாளர்கள் ஓர் எண்ணால் குறிப்பிடுவர். எண் சிறியதாயின் தடுப்பு நன்று என்று பொருள். ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளத்திற்கு அந்த எண் ஏறத்தாழ 3.4. மத்திய அரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட நெறிமுறை, கூரைக்கு 1.2க்கு மேல் இருக்கலாகாது என்கின்றது. அந்நெறிமுறை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக வகுக்கப்பட்டது; நம்முடைய சிறு மனைகளை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் அதை அளவுகோலாகக் கொள்ள எவரும் தடை விதிக்கவில்லை. அந்த அளவுகோலின்படி நம் வெறும் தளம் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகின்றது.

வழக்கமாகப் போடும் மூன்று அங்குலச் சுருக்கித் தளம் இதைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். ஓரளவே செய்யும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த அடுக்கு, கடக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே குறைக்கின்றது. மழைநீரை வடியச் செய்து தளத்தைக் காப்பதே அதன் முதன்மையான பணி.

மாறாக, ஓர் அங்குலக் கனமுள்ள நுரைப்பலகை கடக்கும் வெப்பத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஒரே கனத்தில் ஒப்பிட்டால் கான்கிரீட், தெர்மாகோலைவிட நாற்பது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்துவதே இதற்குக் காரணம். முதல் அங்குலம் தரும் பலன் மிகப் பெரிது. இரண்டாம் அங்குலமும் உதவும். ஆனால் முதலாவதைப் போல் உதவாது. எனவே கையிருப்புக் குறைவு என்று எண்ணி முற்றிலும் விட்டுவிடுவதைக் காட்டிலும், ஓர் அங்குலமேனும் போடுவது அறிவுடைமை.

முதற்படி: வெண்மை

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டிலும், வாடகை வீட்டிலும்கூடச் செய்யத்தக்கது கூரைக்கு வெள்ளையடிப்பதே. கருத்துப்போன பழைய கான்கிரீட் தன்மீது விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். தூய வெண்மை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இதனால் அறையின் வெப்பம் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையக்கூடும்.

சுண்ணாம்பை நீரில் நன்கு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பிடிப்புக்குப் பசை சிறிது கலந்து, தளத்தைக் கழுவிப் பாசி நீக்கியபின் இரண்டு மூன்று முறை பூச வேண்டும். வெயில் தாழ்ந்தபின் பூசுவது நன்று. சுண்ணாம்பு நீர் கண்ணிற்பட்டால் பெருந்தீங்கு நேரும். எனவே குழந்தைகளை அருகே விடாதீர்கள். மழை இதைக் கரைத்துவிடும். ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் புதுப்பிக்க வேண்டும். வசதியுடையோர் கூரைக்கென விற்கும் வெண்ணிறப் பூச்சையோ, வெண்ணிறக் கூல் டைல்ஸையோ நாடலாம். எதுவாயினும் தூசி படிந்தால் பலன் குறையும். ஆகவே கோடையில் அவ்வப்போது கழுவி விடுங்கள்.

இரண்டாம் படி: நிழல்

வெயில் தளத்தின்மீது படாமலே செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மொட்டை மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடும் பழைய வழக்கம் இதற்காகவே. பந்தலுக்கும் தளத்திற்கும் இடையே காற்று ஓடுவதால் தளம் சூடேறுவதில்லை. தீப்பிடிக்கும் அச்சத்தால் கீற்றை விரும்பாதோர் பச்சை நிழல்வலை கட்டலாம்.

இரும்புத் தூண் நிறுத்தி உயரத்தில் தகடு வேய்வது இப்போது எங்கும் பரவியுள்ளது. அதுவும் நன்றே. ஆனால் ஓர் எச்சரிக்கை: அதன் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். சிலர் நாளடைவில் நாற்புறமும் சுவர் எழுப்பி அதையே குடியிருப்பாக்குகின்றனர். நிழல் தந்த தகடு அன்றுமுதல் அடுப்புத் தகடாகிவிடும்.

சூரிய மின்தகடு அமைப்போருக்கு இரட்டைப் பயன் கிடைக்கும். மின்சாரமும் கிடைக்கும்; தகட்டின் கீழுள்ள தளத்திற்கு நிழலும் கிடைக்கும். 2024ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டது. படுக்கையறைக்கு மேலேயே தகடுகள் அமையும்படி கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாம் படி: தளத்தின் மேல் தடுப்பு

புதிதாக மாடி எழுப்புவோர் இதனைத் தவறவிடக் கூடாது. முதலில் தளத்தின் விரிசல்களை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும். அதன்மேல் நுரைப்பலகைகளை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். பலகையின் மேல் கோழிவலை விரித்து, நீர் வடியும் வாட்டத்துடன் சிமெண்டுக் கலவை போட்டு, மேலே வெண்ணிற ஓடு பதிக்க வேண்டும்.

இங்கே பலகையின் வகையைக் கவனியுங்கள். பொருட்களைப் பொதிந்து வரும் மென்மையான தெர்மாகோல் இதற்கு ஏற்றதன்று; மிதித்தால் அமுங்கும்; நீரையும் ஏற்கும். எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்ந்த பலகை நீரை ஏற்பதில்லை, கனத்தையும் தாங்கும். வெயில் நேரே பட்டால் எந்த நுரைப்பலகையும் சிதையும். எனவே அடுக்கிய அன்றே மூடிவிட வேண்டும்.

தளத்தின் மேல் தடுப்பு அமைவதில் இன்னொரு நன்மை உண்டு. பகலில் சூடேறி விரிவதும் இரவில் ஆறிச் சுருங்குவதுமாகவே தளத்தில் விரிசல் தோன்றுகின்றது. விரிசலில் நீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கின்றது. மேலே தடுப்பு இருப்பின் தளத்தின் வெப்பம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. கூரையின் ஆயுளும் நீளும்.

இத்தளத்தையே சிக்கனமாக அமைக்கும் வழியையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பொதித்து வார்க்கும் முறையைப் பரப்பினார். இதனால் சிமெண்டும் கம்பியும் மிச்சமாவதோடு, ஓட்டிடையே அடைபடும் காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுக்கின்றது. அனுபவமிக்க பொறியாளரின் மேற்பார்வையின்றி இதைச் செய்யலாகாது.

உள்ளே செய்யத்தக்கவை

மேல்தளம் வேறொருவருக்கு உரியது, அல்லது வீடு வாடகை வீடு என்ற நிலையில் உட்புறத்தில் ஃபால்ஸ் சீலிங் அமைப்போர் உண்டு. அதனாலும் வெப்பம் குறையும். ஆனால் தளம் தொடர்ந்து வெயிலில் வேகும். அறையின் உயரமும் குறையும். ஜிப்சம் பலகைக்கு மேல் ராக்வூல் எனும் கனிமப் பஞ்சை விரிப்பது பாதுகாப்பானது. அது எளிதில் தீப்பற்றாது. மலிவு கருதித் தெர்மாகோல் தகடுகளை உத்தரத்தில் ஒட்டாதீர்கள். மின்கசிவில் அது உருகி எரிந்து, நச்சுப் புகையைக் கக்கும்; உறங்குவோருக்குத் தப்ப நேரம் இராது.

கூரை தகரமாயின், பளபளப்பான அலுமினியத் தாளை அதன் கீழே விரிக்கலாம். தாளுக்கும் தகரத்திற்கும் இடையே காற்றிடைவெளி இருந்தால்தான் அது பயன்தரும். புதிதாக வேய்வோர் இரு தகடுகளுக்கிடையே நுரை நிரப்பிய பஃப் பேனல்களை வாங்குவது நலம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் நாடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஏற்கெனவே அத்தகைய கூரை இருப்பின், அதை உடைப்பதும் துளையிடுவதும் தேய்ப்பதும் கூடாது. தூசி எழுந்தால் அதுவே ஆபத்து.

குளிர்சாதனப் பெட்டி வைத்தால் போதாதோ என்பீர்கள். தடுப்பில்லாத கூரையின் கீழ் அந்தப் பெட்டி ஓயாமல் தளத்தோடு போராடுகின்றது. தமிழகத்தில் இரு மாதங்களுக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எவ்வாறு ஏறுகின்றது என்பதை இல்லத்தரசிகள் அறிவர். கூரையைச் சீர்செய்தபின் வாங்கினால் சிறிய பெட்டியே போதுமானதாக இருக்கும். மின்தடை நேர்ந்தாலும் அறை உடனே கொதிக்காது.

கூரைத் தடுப்போடு காற்றோட்டமும் தேவை. எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வையுங்கள். மேற்குச் சுவர்ச் சன்னலுக்கு மேல் வெளிப்புறத்தில் நிழல் தரும் மறைப்பு அமையுங்கள். திரைச்சீலை உள்ளே தொங்குவதைவிட, மூங்கில் தட்டி வெளியே தொங்குவது வெயிலை நன்கு தடுக்கும். மாடிப் பெண்களின் மறைவுக்கும் அது உதவும். நண்பகலில் சன்னலை அடைத்து, மாலைக்குப் பின் அகலத் திறந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தின்போது கேளுங்கள்

மாடி எழுப்பக் கொத்தனாரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ பேசும்போது பின்வருவனவற்றைக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கூடுதல் தளத்தின் கனத்தைக் கீழுள்ள அடித்தளமும் தூண்களும் தாங்குமா என்று பொறியாளர் பார்த்தாரா? தளத்தின் மேல் வெப்பத் தடுப்பு எது, எத்தனை அங்குலம்? நீர்க்கசிவுத் தடுப்பு அதற்கு முன்னரே பூசப்படுமா? மேல் ஓடு வெண்ணிறமா? வாட்டம் எந்தப் பக்கம்? மேற்குச் சன்னலுக்கு நிழல் உண்டா?

“அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதிலை ஏற்காதீர்கள். பிறகு செய்வதற்கு ஓட்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும், இரட்டைச் செலவாகும். பணம் போதவில்லையெனில் பளிங்கைக் குறைத்துச் சாதாரண ஓடு பதியுங்கள்; முகப்பு வேலையை இரண்டாண்டு தள்ளிப்போடுங்கள். தரையை எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். வீட்டின் நிழற்படத்தைக் கேட்டுப் பெறும் நீங்கள், சித்திரை மாதத்து இரவு பத்து மணிக்கு மாடி அறையில் எத்தனை டிகிரி இருக்கின்றது என்றும் கேளுங்கள். சுவரில் மாட்டும் எளிய வெப்பமானி ஒன்று அதைச் சொல்லிவிடும். அந்த எண் 35க்கு மேல் இருப்பின், கூரைக்கு ஏதேனும் செய்யும்வரை முதியவரையும் கைக்குழந்தையையும் கீழ்த்தளத்திற்கு மாற்றுங்கள். கீழே இடமில்லையெனில் இரவில் திறந்த மாடியில் படுக்க வழிசெய்யுங்கள்.

கோடைக்கு முன் தை, மாசி மாதங்களில் மழையும் இல்லை. வெயிலும் கடுமையாக இராது. கூரை வேலைக்கு ஏற்ற காலம் அதுவே. இவ்வாண்டு வெள்ளையடிக்க மட்டும் வசதியிருப்பின், அதையேனும் செய்துவிடுங்கள். மற்றவற்றை இன்ஷா அல்லாஹ் அடுத்தடுத்த ஆண்டுகளில் செய்துகொள்ளலாம்.